காரணமும் குற்றவாளியும்

இயங்கிக்கொண்டிருக்கும்வரை எந்தக் கருவியையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கிணற்றடி மோட்டார் நீரை இறைத்துக்கொண்டிருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே நம் நினைவில் இல்லை. அது நின்ற அன்றுதான் வீட்டார் அனைவரும் அதைச் சுற்றிக் கூடுகிறோம். கூடியவுடன் நம் வாயிலிருந்து முதலில் பிறக்கும் கேள்வி எது? "ஏன் நின்றது?" என்பதா? பெரும்பாலும் இல்லை. "யார் தொட்டது?" என்பதே. இவ்விரு கேள்விகளும் உடன்பிறந்தவை போலத் தோன்றினாலும் அவற்றின் வழி வேறு. முன்னது காரணத்தைத் தேடுகிறது. பின்னது குற்றவாளியைத் தேடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எத்தகையது என்பதை, நம் இல்லத்தில் இயங்க மறுத்த ஒரு கணினி அண்மையில் நமக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்திற்கு நாம் கொடுத்த விலை சிறிது. நமக்காக வேறொருவர் கொடுத்த விலையோ பெரிது. அதனாலேயே இதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு நிமிடத்துத் தீர்ப்பு

கல்லூரியில் பயிலும் நம் மகன் தன் கணினியைத் தானே பூட்டிக்கொள்ள விரும்பினான். அதில் பெரிய மந்திரம் ஏதும் இல்லை. தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டு, அதன்மீது அமரும் செயலி, ரேம் எனும் நினைவகத் தகடுகள், தகவல்களைச் சேமிக்கும் பகுதி, இவற்றுக்கெல்லாம் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ்., யாவற்றையும் தாங்கும் கேபினெட் எனும் இரும்புப் பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, பொறுமையோடு இணைக்க வேண்டும், அவ்வளவே. செலவைக் குறைக்கும் பொருட்டு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மட்டும் பழையதாக வாங்கினோம். அதைக் கொடுத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். கணினி பழுது பார்ப்பதே அவர் தொழில். தந்தையை இழந்த குடும்பத்தை அந்த வருவாயே தாங்குகிறது. அவர் அதை நம் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினார். ஒரு மாதத்திற்குள் பழுதானால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் தாமாகவே சொன்னார்.

ஒரு சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. மகன் பொத்தானை அழுத்தினான். விசிறி கால் சுற்றுச் சுற்றி நின்றது. மறுமுறை அழுத்தினான், அந்தக் கால் சுற்றும் இல்லை. திரை இருண்டே கிடந்தது. இரு வாரங்களாக அவன் முகத்தில் இருந்த ஒளியும் அதனுடன் அணைந்ததைக் கண்டோம். அந்த நொடியில் நம் உள்ளத்தில் எழுந்த சினம், மகன்மீது கொண்ட பரிவின் மறுபக்கம் என்று அன்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தீர்ப்பு நம் நாவில் ஆயத்தமாக இருந்தது. வாங்கிய உறுப்புகள் யாவும் புதியவை. ஒன்று மட்டுமே பழையது. மின்சாரம் வரவில்லை, மின்சாரம் தர வேண்டியதும் அதுவே. ஆகவே பழுது அதில்தான். பழுது அதில் என்றால், கொடுத்தவர் அறிந்தேதான் கொடுத்திருக்க வேண்டும். காண்க, எத்தனை விரைவாக ஒரு பொருளிலிருந்து ஒரு மனிதருக்குத் தாவிவிட்டோம்! "எஸ்.எம்.பி.எஸ். பழுதாக இருக்கலாம்" என்பது ஓர் ஊகம். "அவர் நம்மை ஏமாற்றிவிட்டார்" என்பது ஒரு குற்றச்சாட்டு. முதலாவதற்கு ஓரளவு சான்று இருந்தது. இரண்டாவதற்கு எள்ளளவும் இல்லை. ஆனால் முதலாவதன் தோள்மீது ஏறி இரண்டாவதும் உள்ளே நுழைந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நண்பர்கள் இருவருடன் நின்றிருந்தோம். பேச்சுவாக்கில், "அந்தத் தம்பியிடம் எதுவும் வாங்கிவிடாதீர்கள். பழைய சரக்கை நம் தலையில் கட்டிவிட்டார்" என்று சொன்னோம். இருவரும் தலையசைத்தனர். அவர்களுள் ஒருவர் கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்துபவர். நற்கருணை வாங்கிய நாவு, ஈரம் உலர்வதற்குள் ஓர் ஏழையின் பெயரை உண்டுவிட்டது என்பதை அப்போது நாம் உணரவில்லை.

இயந்திரத்தை விசாரித்தல்

திங்கட்கிழமை நாம் பணத்தைத் திரும்பக் கேட்கப் புறப்பட்டபோது மகன் தடுத்தான். "பொறுங்கப்பா, முதலில் நான் பார்த்துவிடுகிறேன்" என்றான். அதன்பின் அவன் மேற்கொண்ட விசாரணையை நாம் அருகிருந்து கண்டோம். பழுது பார்ப்போர் கைக்கொள்ளும் ஒழுங்கு அது. அறநூல் எதுவும் அதை விதிக்கவில்லை. ஆயினும் அதனுள் ஓர் அறம் இருப்பதைக் கண்டு வியந்தோம்.

எளியதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. சுவரில் உள்ள பிளக்கில் மின்சாரம் இருக்கிறதா? மேசை விளக்கைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். வடம் இறுக அமர்ந்துள்ளதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்தில் உள்ள சிறு விசை போடப்பட்டுள்ளதா? செத்துவிட்டதாக எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லப்படும் கணினிகளில் சில, இந்தக் கேள்விகளிலேயே உயிர்பெற்றுவிடும். இவை கேட்பதற்கு நாணம் தரும் கேள்விகள். ஏனெனில் இவற்றுக்குரிய விடை பெரும்பாலும் நம் கவனக்குறைவையே சுட்டும். அதனாலேயே மனிதன் இவற்றைத் தாண்டி, தனக்கு இழுக்கு வராத கேள்விக்கு ஓடுகிறான்.

குறியை ஊன்றிக் கேட்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. இதை விளங்கிக்கொள்ள அந்தப் பொத்தானைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். எனும் அமைப்பை வகுத்தது. அதற்கு முந்திய கணினிகளில் முகப்பு விசை, வீட்டு விளக்கின் விசையைப் போல மின்சாரத்தையே திறந்து மூடியது. இன்றைய பொத்தான் அப்படியன்று. அது தாய்ப்பலகையிடம் ஒரு விண்ணப்பத்தை மட்டுமே வைக்கிறது. தாய்ப்பலகை அதை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தெரிவிக்கிறது. அந்த விண்ணப்பத்தைக் கேட்பதற்காகவே, கணினி அணைந்துள்ள வேளையிலும் 5 வோல்ட் அளவில் ஒரு சிறு மின்வழங்கல் பலகையில் காத்திருக்கிறது. விண்ணப்பம் வந்ததும் எஸ்.எம்.பி.எஸ். பல அளவுகளில் மின்னழுத்தம் தருகிறது. அவை நிலைபெற்றனவா என்று பார்த்து, நொடியில் பத்திலொரு பங்கு முதல் அரை நொடி வரை பொறுத்து, 'எல்லாம் சரி' என்று அறிவிக்கிறது. அவ்வறிவிப்பு வந்த பின்னரே செயலி தன் பணியைத் தொடங்குகிறது. எங்கேனும் மின்னோட்டம் தன் பாதையை விட்டு இரும்புப் பெட்டிக்குள் பாய்ந்து ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால், எஸ்.எம்.பி.எஸ். உடனே தன்னை அடைத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்தித் திறக்கும்வரை அது பெரும்பாலும் மீண்டும் அசைவதில்லை.

ஆகவே 'இயங்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. பொத்தானை அழுத்தியும் எந்த அசைவும் இல்லையென்றால், பொத்தானின் கம்பி தாய்ப்பலகையில் தவறான முள்ளில் செருகப்பட்டிருக்கலாம். விசிறி ஓடியும் திரை இருண்டிருந்தால், ரேம் தகடு முழுமையாக அமராதிருக்கலாம். அல்லது செயலிக்குரிய தனி மின்வடம் மறக்கப்பட்டிருக்கலாம். விசிறி ஒரு கணம் துடித்து நின்றால், மின்சாரம் எங்கோ வழி தவறுகிறது என்றும், எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்கிறது என்றும் ஐயுறலாம். நம் கணினியின் குறி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. சனிக்கிழமையே நம் கண்முன் அது தன் நோயைச் சொல்லியிருந்தது. கேட்கும் செவி நம்மிடம் இல்லை.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது மூன்றாம் விதி. இரண்டை ஒருசேர மாற்றிக் கணினி ஓடிவிட்டால், ஓடியது எதனால் என்று என்றுமே தெரியாது. பொறுமையின்மை சில வேளைகளில் பழுதை நீக்கிவிடும். ஆனால் அறிவைத் தராது.

நோயையும், அந்நோயின் முதலையும், அதைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து அதன்பின் செயற்படுமாறு வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்னதும் இந்த ஒழுங்கையே. நம் வீரமாமுனிவர் இலத்தீனில் பெயர்த்த பொருட்பாலில் இக்குறளும் இடம்பெற்றதாகும். நோய்முதலை நாடு என்றுதான் வள்ளுவர் சொன்னார். நோய் தந்தவனை நாடு என்று சொல்லவில்லை.

ஒன்பதாவது முளை

மகன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மற்ற உறுப்புகளிலிருந்து பிரித்தான். இயங்குமாறு அதற்கு ஆணையிடும் கம்பியைத் தரைக்கம்பியோடு ஒரு சிறு துண்டுக் கம்பியால் இணைத்தான். அதன் விசிறி சீராகச் சுழன்றது. "பாருங்கப்பா, ஓடுகிறது" என்றான். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "சுமையில்லாமல் ஓடுவதால் நல்லது என்று ஆகிவிடாது" என்றோம். அது உண்மையே. சுமையின்றிச் சுழலும் எஸ்.எம்.பி.எஸ்., சுமை ஏறியதும் தளர்ந்துவிடுவது உண்டு. பழுது பார்ப்போர் எவரும் அதை ஒப்புவர். ஆனால் அந்த உண்மையை நாம் அன்று உண்மைக்காகச் சொல்லவில்லை. ஆலய முற்றத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னோம். உண்மையான கூற்றுக்கூடப் பொய்யான உள்ளத்திற்குப் பணிசெய்ய முடியும் என்பதை அன்று அறிந்தோம்.

அவன் சோர்ந்துவிடவில்லை. தாய்ப்பலகையை இரும்புப் பெட்டியிலிருந்து முழுமையாக வெளியே எடுத்தான்; அது வந்த அட்டைப் பெட்டியின் மீதே அதைக் கிடத்தினான். செயலி, அதன் விசிறி, ஒரேயொரு ரேம் தகடு ஆகியவற்றைத் தவிர எல்லாவற்றையும் நீக்கினான். பழி சுமந்த அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸை இணைத்தான். பொத்தானுக்குரிய இரு முட்களையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டான். விசிறி சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. திரையில் எழுத்துகள் தோன்றின.

மீண்டும் பெட்டிக்குள் பொருத்தினான். மீண்டும் கால் சுற்றோடு நின்றது. இனி ஐயத்திற்கு இடமில்லை. பழுது பலகையிலும் இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் இல்லை, பெட்டிக்குள்ளேதான் எங்கோ இருக்கிறது. விளக்கை ஏந்திப் பலகையின் அடியில் பார்த்தான்.

இரும்புப் பெட்டியின் தளத்தில் பல திருகுத் துளைகள் உண்டு. பெரிய பலகைக்குச் சில, சிறிய பலகைக்குச் சில. அந்தந்தப் பலகையில் துளை இருக்கும் இடங்களில் மட்டும் பித்தளை முளைகளைத் திருகி, அவற்றின்மேல் பலகையை அமர்த்த வேண்டும். பலகையின் அடிப்புறம் இரும்பைத் தொடாதவாறு தாங்குவதே அம்முளைகளின் பணி. மகனது பலகைக்கு வேண்டியவை எட்டு. பெட்டிக்குள் இருந்தவை ஒன்பது. ஒன்பதாவது முளை, பலகையில் துளையே இல்லாத இடத்தில் நின்று, அடிப்புறத்தில் மின்சாரம் ஓடும் ஈயப் பற்றுகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் வழியே மின்னோட்டம் இரும்புப் பெட்டிக்குப் பாய்ந்தது. எஸ்.எம்.பி.எஸ். அதை உணர்ந்து தன்னை அடைத்துக்கொண்டது. நாம் பழித்த அந்தப் பழைய பொருள் அன்று பழுதுபட்டிருக்கவில்லை; நம் மகனது புதிய பலகை கருகாமல் காத்துக்கொண்டிருந்தது.

"இதை யார் வைத்தது?" என்று மகன் வியப்போடு கேட்டான்.

நாம் வைத்தோம். சனிக்கிழமை பிற்பகல் அவன் உண்ணச் சென்றிருந்த வேளையில் பெட்டியைப் பார்த்தோம். முளைகள் ஒரு வரிசையில் மூன்றும், மற்றொன்றில் இரண்டுமாக இருந்தன. மறந்துவிட்டான் போலும் என்றெண்ணி, பையில் எஞ்சியிருந்த ஒன்றை எடுத்து, வெறுமையாய் இருந்த துளையில் நம் கையாலேயே திருகினோம். உதவியதாக மகிழ்ந்தோம். பின்பு அதை மறந்தேவிட்டோம்.

மகனது கேள்விக்கு விடை சொல்லச் சில நொடிகள் ஆயின. அந்தச் சில நொடிகளில் நம் உள்ளம் செய்த வேலையை மறைக்காமல் எழுதுகிறோம். "பெட்டி செய்தவர்களே வைத்திருப்பார்கள்" என்ற பதில் நம் நாவின் நுனிவரை வந்தது. குற்றவாளியைத் தேடி ஓடிய கால், குற்றவாளி தன் வீட்டிலேயே இருப்பதைக் கண்டதும் இன்னொரு வீட்டைத் தேடியது. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் பெண்ணைச் சுட்டியதும், பெண் பாம்பைச் சுட்டியதும் பழங்கதையன்று. திங்கட்கிழமை இரவு நம் கூடத்தில் நிகழ இருந்தது. ஆண்டவர் அருளால் அப்பொய்யை விழுங்கிவிட்டு, "நான்தான் வைத்தேன், அப்பா" என்றோம். மகன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலய முற்றம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஐயம் வேறு, தீர்ப்பு வேறு

ஐயுறுவதே தவறா? நாம் பல நாள் எண்ணிப் பார்த்த கேள்வி இது. பழையதொரு பொருளை ஐயுற்றதில் பிழை என்ன? மகனும்தான் அதை ஐயுற்றான். அதனாலன்றோ அதை முதலில் சோதித்தான்? அவ்வாறாயின் அவனுடைய ஐயத்திற்கும் நம்முடைய ஐயத்திற்கும் என்ன வேறுபாடு?

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், நீதியைப் பற்றிப் பேசுமிடத்தில் இக்கேள்வியை ஆராய்கிறார். பொருள்களைப் பற்றித் தீர்ப்பிடுவதும், மனிதர்களைப் பற்றித் தீர்ப்பிடுவதும் ஒன்றல்ல என்பது அவர் காட்டும் வேறுபாடு. ஒரு பொருளைப் பற்றி நாம் எப்படித் தீர்ப்பிட்டாலும் அப்பொருளுக்குத் தீங்கில்லை; அங்கே உண்மையை உள்ளவாறே காண முயல்வதுதான் முறை. மனிதரைப் பற்றித் தீர்ப்பிடும்போதோ, தீர்ப்புக்கு ஆளாகிறவரின் நன்மையும் தீமையும் அத்தீர்ப்பில் அடங்கியுள்ளன. ஆகவே தெளிவான சான்று இல்லாதபோது அவரைப் பற்றி நல்லதையே கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்வதால் பலமுறை ஏமாறவும் நேரலாம். எனினும் தீயவரை நல்லவரென்று நம்பி அடிக்கடி தவறுவது, நல்லவரைத் தீயவரென்று எண்ணி அரிதாகத் தவறுவதைவிட மேலானது என்கிறார் அவர். ஏனெனில் பின்னதில் ஒருவருக்கு அநீதி இழைக்கப்படுகிறது. முன்னதில் அது இல்லை.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு எவரையும் நம்பிவிட வேண்டுமா? அதற்கும் அவரிடமே விடை உண்டு. ஒரு தீங்கைத் தீர்க்க வேண்டியபோது, மோசமானதையே முற்கோளாக வைத்துக்கொண்டு அதற்கேற்ப மருந்து செய்யலாம், அது முன்மதி. ஆனால் முற்கோள் வேறு, முடிவு வேறு. எஸ்.எம்.பி.எஸ். பழுதாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு முதலில் அதைச் சோதிப்பது முற்கோள். பழுதுதான் என்றும், கொடுத்தவர் வஞ்சகர் என்றும் முற்றத்தில் அறிவிப்பது முடிவு. மகனது ஐயம், தன்னைப் பொய்யென்று காட்டக்கூடிய சோதனையைத் தேடிச் சென்றது. நம் ஐயமோ, தனக்கு ஆமென்று சொல்லும் செவிகளைத் தேடிச் சென்றது. ஐயத்தின் நேர்மையை அறிய இதைவிட நல்ல உரைகல் நாம் அறியோம்.

ஐயம் பிறக்கும் ஊற்றுகளையும் அப்பெருமகனார் எண்ணிக் காட்டுகிறார். தானே தீயவனாயிருப்பவன் பிறரையும் அவ்வாறே எண்ணுகிறான்; ஒருவர்மீது வெறுப்போ பொறாமையோ கொண்டவன் சிறு குறிகளாலேயே அவரைத் தீயவரென்று கொள்கிறான்; நெடுநாள் பட்டறிவு உடையவன், முதியவன், பலரது குறைகளைக் கண்டு பழகியதால் எளிதில் ஐயுறுகிறான். மூன்றாவது ஊற்று நமக்கு உரியதென்று நாம் ஆறுதல் கொள்ளப் பார்த்தோம். ஆனால் மனச்சான்று விடவில்லை. அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸை நகரத்துப் பெரிய கடையில், குளிரூட்டிய அறையில் வாங்கியிருந்தால் இத்தனை விரைவில் வஞ்சகம் என்று சொல்லியிருப்போமா? "ஏதோ பழுது, மாற்றித் தருவார்கள்" என்றிருப்போம். வாடகைக் கொட்டகையில் அமர்ந்து பழுது பார்ப்பவர் என்பதால் அவர்மீது ஏவிய சொல் அது. ஏழையின் நேர்மைக்கு நாம் கேட்கும் சான்று, செல்வரின் நேர்மைக்கு நாம் கேட்பதைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கிறது. இது பட்டறிவன்று.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியில் காண்கிறோம். துன்பத்தைக் கண்டதும் அவர்களுக்கும் குற்றவாளியே வேண்டியிருந்தது. இயேசு அக்கேள்வியை ஏற்கவில்லை. அவருக்குப் பார்வை அளித்தார். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள், ஏழு இரவு அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்து, அவர் துன்பத்திற்கு அவரிடமே குற்றம் தேடியபோதுதான் தவறினர்.

லொயோலா புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கு 1548-ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். அந்நூலின் முகப்பிலேயே ஓர் அறிவுரை இருக்கிறது. அயலார் கூற்றைக் கண்டனம் செய்ய விரைவதைவிட, அதற்கு நல்ல பொருள் காணவே நல்ல கிறிஸ்தவர் விரைய வேண்டும்; அது இயலாவிடில், அவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அவரிடமே கேட்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், போதிய ஆதாரமின்றி அயலாரிடம் குற்றம் கொள்வதைக் கண்டிக்குமிடத்தில் இவ்வறிவுரையையே எடுத்துக்காட்டுகிறது. அவரிடமே கேட்க வேண்டும்! இரு தெரு தாண்டினால் அந்த இளைஞரின் கொட்டகை. சனிக்கிழமை இரவே சென்று, "தம்பி, விசிறி கால் சுற்றோடு நிற்கிறதே, என்ன காரணம்?" என்று கேட்டிருந்தால், "சார், பலகைக்கு அடியில் பாருங்கள்" என்று அவரே சொல்லியிருக்கக்கூடும். கேட்கவில்லை. அவரைப் பற்றி எல்லாரிடமும் பேசுவது எளிதாக இருந்தது. அவரிடம் பேசுவது அரிதாக இருந்தது.

தீராத கடன்

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவ்விரு நண்பர்களையும் தேடிச் சென்றோம். நாம் சொன்னது பொய் என்றும், பழுது நம் கையால் நேர்ந்தது என்றும் சொன்னோம். முதலாமவர் சிரித்து விட்டுவிட்டார். பயிற்சி நிலையம் நடத்துபவர் சற்றே தயங்கினார். தம் நிலையத்தில் உள்ள பன்னிரண்டு கணினிகளை ஆண்டு முழுவதும் பராமரிக்கும் வேலையை அந்த இளைஞருக்கே தருவதாக இருந்ததாகவும், ஞாயிறன்று நம் சொல்லைக் கேட்டபின், திங்கட்கிழமை வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நம் ஒரு சொல்லுக்கு ஒரு நாள்தான் வயது. அதற்குள் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருவாயை அது தின்றுவிட்டது. ஒரு சிறு நெருப்பு பெருங்காட்டை எரிப்பதோடு நாவை ஒப்பிட்ட திருத்தூதர் யாக்கோபு மிகைப்படுத்தவில்லை. குறை ஒன்றை உணர்ந்ததும் அந்த எஸ்.எம்.பி.எஸ். தன்னை அடைத்துக்கொண்டு தீ பரவாமல் தடுத்தது. நாமோ, குறையென்று எண்ணியதும் வாயைத் திறந்தோம்.

ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகினோம், மன்னிப்புப் பெற்றோம். ஆயினும் பாவ மன்னிப்பு, பாவத்தால் விளைந்த சேதத்தையெல்லாம் சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தர வேண்டும். கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும். ஊறு நேர்ந்திருந்தால் ஈடு கட்ட வேண்டும். திருச்சபையின் மறைக்கல்வி இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஈடு செய்வது பெயரளவில் மட்டுமன்று, வேண்டுமிடத்துப் பொருளளவிலும் ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. பொய்யுரைத்து ஒருவரது நற்பெயரைக் கெடுத்தவர், தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு அதை மீட்க வேண்டும் என்பது புனித தாமஸின் முடிவு. நாம் அறிந்து பொய் சொல்லவில்லையே என்று வாதிடலாம். ஆனால் அறியாமலேயே, அறிந்தவர்போலச் சொன்னோம். வேலையை இழந்தவருக்கு இவ்விரண்டிற்கும் என்ன வேறுபாடு?

மற்றொரு கேள்வியும் நம்மை வருத்தியது. அந்த இளைஞருக்கு நடந்தது எதுவும் தெரியாது. வரவிருந்த வேலை ஏன் வரவில்லை என்றுகூட அவர் அறியார். கேட்டவர்களிடம் திருத்திச் சொல்லியாயிற்று. அவரிடமும் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவர் உள்ளம் நோகும். நம் உள்ளம் இலேசாகும். அவருக்கு நோவைத் தந்து நாம் இலேசாவது தகுமா? ஆனால் சொல்லாவிட்டால், தம் திறமையிலோ நடத்தையிலோ ஏதோ குறை என்று அவர் தம்மையே ஐயுற்றுக்கொண்டிருப்பார். தம்மிடம் இல்லாத குற்றத்தைத் தேடி அவர் தம்மையே சோதித்துக்கொண்டிருப்பதை எண்ணியபோது, சொல்லிவிடத் துணிந்தோம்.

மாலையில் அவர் கொட்டகைக்குச் சென்றோம். எவருடைய கணினியையோ பிரித்து வைத்திருந்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அமராமலேயே எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. கையிலிருந்த திருப்புளியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்பு, "முளையை எடுத்துவிட்டீர்களா சார்? பலகைக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டார்.

நம் பொருளைப் பற்றி அவர் கேட்டார். அவர் பெயரைப் பற்றி நாம் கேட்டிருக்கவில்லை.

அந்த வேலை அவருக்குத் திரும்பவில்லை. வேறு இரு இடங்களுக்கு அவரைப் பற்றி நாமே சென்று சொல்லியிருக்கிறோம்; ஓரிடத்தில் பணி கிடைத்திருக்கிறது. அது இழந்ததற்கு ஈடாகுமா? ஆகாது என்பதை அறிவோம். கொடுக்க வேண்டியது இன்னும் எவ்வளவு என்று கணக்கிட முயன்று, முடியாமல் நிற்கிறோம். பணத்தைக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். இந்தக் கட்டுரையும் அக்கடனில் ஒரு பகுதியே. நம் பங்கில் இதை வாசிப்பவர்கள் அவர் யாரென அறிவார்கள், நாம் யாரெனவும் அறிவார்கள்.

ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவம் செய்ததாக மார்பில் தட்டிக்கொள்கிறோம். அப்போது நம் கை நம் மார்பையே தொடுகிறது. அயலார் மார்பைத் தொடுவதில்லை. பழுது எதுவாயினும் விசாரணையைத் தொடங்க வேண்டிய இடம் எது என்று அந்தக் கை ஞாயிறுதோறும் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாம் பார்த்ததில்லை.

அந்தப் பித்தளை முளையை மகன் குப்பையில் எறியப் போனான். வாங்கி, நம் செபமாலைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். மாலைச் செபத்திற்கு அமரும்போதெல்லாம் விரலில் அது தட்டுப்படுகிறது.